படத்துக்குள் அம்மாவும் வரட்டும்!

பழனிக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். கல்யாணம் ஆனால் பழனி, பிள்ளை பிறந்தால் பழனி, பையன் பரீட்சையில் பாஸ் செய்தால் பழனி! திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் வெங்காய வாசனை வந்துவிட்டால் பாதி தூரம் கடந்தாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாகக் கூடவே வரும். அதற்கு முன்னால், யாரோடும் சேராமல் தனியாக ஒரு குன்று. அதைக் கண்டதும் பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

எத்தனையோ தடவை போன ஊர்தான். ஆனாலும் இந்தத் தடவை போனது வேறு மாதிரி. என் பேத்திக்கு முதல் முடி இறக்கப் போனோம்.

என் மகளுக்குப் பிரசவம் எட்டாம் மாதத்திலேயே ஆகிவிட்டது. குழந்தை ஒன்றரைக் கிலோ. உள்ளங்கை அகலம்கூட இல்லாத முதுகு. இருபத்து நாலு நாள் கண்ணாடிப் பெட்டியும் குழாயுமாகக் கழிந்தது. 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம் என்றும், இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்தாம் நாள் நர்ஸம்மா குழந்தையை என் மகளின் நெஞ்சோடு சேர்த்து, மேலே துணி போட்டுக் கட்டிவிட்டார். "கங்காரு மாதிரி வச்சுக்கோங்கம்மா, உங்க உடம்புச் சூடுதான் இப்ப மருந்து" என்றார். கொலம்பியா நாட்டில், பொகோட்டா என்ற ஊர் ஆஸ்பத்திரியில், இன்குபேட்டர் போதாத காரணத்தால் 1978 வாக்கில் டாக்டர்கள் தொடங்கிய முறையாம் இது. இப்போது நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள்.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி என் மகள் வேண்டிக்கொண்டாள். "முருகா, இவளை என் கையில குடு. முதல் முடி உனக்குத்தான்." அவ்வளவுதான் வேண்டுதல். கேட்டது கிடைத்தது.

ஆனால் அந்த இருபத்து நாலு நாளுக்கும் ஒரு போட்டோகூடக் கிடையாது. வார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகோ, "பச்சைப் பிள்ளையைப் படம் எடுத்தா கண் பட்டுடும், ஆயுசு குறையும்" என்று சம்பந்தியம்மா தடுத்துவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பிழைத்து வந்த பிள்ளையைப் பற்றிப் பெரியவர்களுக்குப் பயம் இருப்பது இயற்கைதானே? என் மகள் மட்டும் அடிக்கடி, "அம்மா, இவ பெரியவளானா, 'நீ இத்தனூண்டு இருந்தடி'ன்னு எதைக் காட்டிச் சொல்வேன்?" என்பாள். அதனால் பழனியில் நல்ல படமாக ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் உறுதியாக இருந்தாள்.

பதினோராம் மாதம், கூட்டமில்லாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்குக் குதிரை வண்டியில் போவோம். வண்டிக்குள் விரித்த வைக்கோல் காலில் குத்தும். இப்போது ஆட்டோ. வெயில் தாழட்டும் என்று மூன்று மணிக்கு மேல் முடி இறக்கும் மண்டபத்துக்குப் போனோம். 2021 செப்டம்பரிலிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முதல் மொட்டை. என் மகனுக்கு இருபத்தொரு வயது. மடியில் அக்கா பிள்ளையை வைத்துக்கொண்டு, அதன் தலையைப் பிடித்தபோது அவன் கைதான் நடுங்கியது! நாவிதர் அனுபவஸ்தர். எங்கள் கண்ணெதிரே புது பிளேடை உடைத்துப் போட்டார். குழந்தைக்கு உச்சிக்குழி மூட ஒன்றரை வயதுகூட ஆகும். அந்த இடத்தில் அவர் கை பூப்போலப் போயிற்று. குழந்தை வீரிட்டு அழுதது. அழுகை அடங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டிச் சந்தனத்தைப் பூசியதும் தலையில் கை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டு, எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு! மாப்பிள்ளை தன் போனில் சளைக்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

முதலில் திருஆவினன்குடி. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் சொன்ன படைவீடு அடிவாரத்தில் உள்ள இந்தக் கோயில்தான். பிறகு மலை. படி அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேல். முட்டி வலிக்காரர்களுக்கு யானைப்பாதை சுலபம். கைக்குழந்தை இருந்ததால் நாங்கள் விஞ்ச்சுக்குப் போனோம். 1966-லிருந்து ஓடுகிறது. 2004-ல் ரோப் காரும் வந்துவிட்டது.

அங்கேதான் என் மகள் முகம் வாடியது. 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குப் போனோ காமிராவோ கொண்டுபோகக் கூடாது. கீழேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். "இவ்வளவு நேர்ந்துக்கிட்டு வந்து, சந்நிதியில ஒரு படம்கூட இல்லையாம்மா?" என்றாள். கண்ணில் தண்ணீர். "வாடி கண்ணு, பார்க்கத்தானே வந்தோம்" என்று கூட்டிப்போனேன்.

மேலே சாயரட்சை நேரம். ராஜ அலங்காரம். கிரீடமும் பட்டும் பூவுமாக, பார்க்கப் பார்க்கத் திகட்டாத கோலம். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்ததும் என் மகள் இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு கையில் போன் இருந்திருந்தால் இப்படித் தூக்கியிருக்க முடியாதே என்று எனக்குத் தோன்றியது. சந்தனத் தலையோடு அது தீபத்தையே பார்த்தது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் படம் இல்லை. ஆனால் எங்கள் எல்லோர் மனசிலும் இருக்கிறது. அதைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

வெளிப்பிராகாரத்தில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பழைய கதை ஞாபகம் வந்தது. ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பிள்ளை மலையேறி வந்துவிட்டான். தாயும் தகப்பனும் பின்னாலேயே வந்து "பழம் நீ" என்று சமாதானம் சொன்னார்களாம். அவன் இன்றும் இங்கே தனியாகத்தான் நிற்கிறான். இன்னொரு கோலமும் நம் கோயில்களில் உண்டு. சிவனும் உமையும் உட்கார்ந்திருக்க, நடுவில் குட்டிக் கந்தன் இருக்கும் சோமாஸ்கந்தர். மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். எனக்கென்னவோ, நம் தமிழ்நாட்டின் முதல் குடும்பப் படமே அதுதான் என்று படுகிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய அந்தச் சிற்பி, அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை பாருங்கள்!

கீழே இறங்கிப் போனை வாங்கியதும் மாப்பிள்ளை எடுத்த படங்களைப் பார்த்தோம். முப்பதுக்கு மேல் இருக்கும். தாய்மாமன் இருக்கிறான், நாவிதர் இருக்கிறார், சம்பந்தியம்மா இருக்கிறார். என் மகள் எதிலும் இல்லை. ஒன்றில் அவள் முழங்கை. இன்னொன்றில் துண்டை நீட்டும் கை. பிள்ளை அழும்போது பால் பாட்டிலைத் தேடியவள், குளிப்பாட்டியவள், சட்டை மாற்றியவள் எப்படிப் படத்தில் நிற்பாள்?

எனக்கு என் மொட்டைப் படம் ஞாபகம் வந்தது. 1978-ல் இதே அடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் மலையும் கோபுரமும் வரைந்திருக்கும். முன்னால் ஸ்டூலில் மொட்டைத் தலையோடு நான். விழுந்துவிடாமல் ஸ்டூலுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் அம்மா. படத்தில் அவருடைய நாலு விரலும் இரண்டு கண்ணாடி வளையலும்தான் தெரியும். என் அம்மாவின் இளவயதுப் படம் என்று எங்கள் வீட்டில் இருப்பது அந்த நாலு விரல்தான். 2009-ல் அவர் காலமானபோது மாலை போட ஒரு படம் தேடினோம். கிடைக்கவில்லை. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கித்தான் சட்டம் போட்டோம். முறைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். அம்மா ஒரு நாளும் அப்படி முறைத்தவர் இல்லை. "பாட்டி ரொம்பக் கோபக்காரங்களா?" என்று என் மகன் கேட்டிருக்கிறான்.

கடை வீதி வெளிச்சத்தில், அங்கேயே படம் எடுத்து அச்சுப் போட்டுத் தரும் போட்டோக்காரர் ஒருவர் நின்றார். குழந்தையை வாங்கி மாமன் கையில் கொடுத்துவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் விழுது" என்றார் என் மகளிடம். அவளும் பழக்கதோஷத்தில் நகர்ந்தாள்.

"அவ தள்ள மாட்டா தம்பி. பெத்தவ அவதான். அவளை நடுவுல வச்சு எடுங்க" என்றேன். சம்பந்தியம்மா என்ன சொல்வாரோ என்று ஒரு கணம் யோசனைதான். அவரோ முன்னால் வந்து, என் மகளின் கலைந்த தலையை ஒதுக்கிவிட்டு, "சிரிடி தங்கம், இருபத்து நாலு நாள் நெஞ்சுல கட்டி வச்சவ நீதானே" என்றார்! கண்ணேறு படும் என்றவரும் இவர்தான். அன்பு அவருக்கு எப்போதும் இருந்தது. பயம்தான் அப்போது முந்திக்கொண்டது.

அந்தப் படத்தில் என் மகளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது. சேலையில் சந்தனக் கறை. குழந்தை காமிராவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கிறது. இதைவிட நல்ல படம் வேண்டுமா?

பழனிக்குக் குழந்தையோடு போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

* முடி இறக்குமுன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடுங்கள். புது பிளேடா என்று கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். மொட்டைத் தலையில் வெயில் படாமல் மெல்லிய பருத்தித் துணி போடுங்கள்.

* பஞ்சாமிர்தம் பிரசித்தம்தான். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதில் தேன் இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமி, குழந்தையின் நரம்புகளைத் தளர்த்தி மூச்சுக்கே ஆபத்து உண்டாக்கலாம். நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். குழந்தைக்கு விபூதி போதும். பஞ்சாமிர்தத்தைப் பெரியவர்கள் சாப்பிடலாம்!

* படத்தைப் போனிலேயே விட்டுவிடாமல் ஒன்றாவது அச்சுப் போட்டு வையுங்கள். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் தேதி, ஊர், யார் யார் என்று எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கினால் படம் ஒட்டிக்கொள்ளும். காகித உறை நல்லது.

கடைசியாக ஒன்று. இன்று சாயங்காலம் வீட்டு ஆல்பத்தையோ போனையோ திறந்து, பிள்ளைகளின் படங்களில் நீங்கள் எத்தனையில் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "எனக்கென்ன, தலை சீவலை, நல்ல சேலை இல்லை" என்று ஒதுங்காதீர்கள். பிள்ளைகள் நாளைக்குத் தேடப்போவது நம் சேலையை அல்ல. பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து, "எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.