தவறவிட்ட தவணை

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்கள். அதில் சித்தியடைந்து பயிலுநர் அனுமதிப்பத்திரமும் பெற்றுவிட்டேன். செய்முறைப் பரீட்சை, நம்மவர் சொல்லும் 'ட்ரயல்', கார்த்திகை மாதத்தில் வந்தது.

அன்று விடியமுன்னரே அடைமழை. வாவி பெருகி, வலையிறவுப் பாலத்தை அடுத்த வீதி நீரில் மூழ்கிவிட்டது. வவுணதீவுப் பக்கம் நின்ற நான் மட்டக்களப்பு நகருக்குப் போகவில்லை.

2024 நவம்பர் 27இல் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டபோது, டிசம்பர் 4இல் மீண்டும் தொடங்கும் என்று திணைக்களமே அறிவித்தது. மாணவர் வீட்டிலிருந்தே அறிந்துகொண்டனர். தனியொருவன் தவறவிட்ட தவணைக்கு அப்படி அறிவித்தல் வருவதில்லை. புதிய திகதியை நானே போய்க் கேட்க வேண்டும்.

நான் போகவில்லை. "நாளைக்கென்று வைக்காதீர்கள் பிள்ளைகளே" என்று வகுப்பில் சொல்லும் வாய்தான்! வெட்கத்தில் நாட்கள் கழிந்தன. வெள்ளம் வடிந்து, வயலில் அறுவடையும் முடிந்தது. ஒருநாள் அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். காலாவதிக்கு ஐந்து மாதமே மிச்சம்.

மறுநாள் காலையிலேயே அலுவலகம் போனேன். காரணங்களை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்துகொண்டல்லவா போயிருந்தேன்! எழுதுவினைஞர் பழைய திகதியைப் பார்த்தார்.

"வெள்ளமா தம்பி?" என்றார்.

தலையாட்டினேன். புதிய திகதியை எழுதித் தந்தார்.