தெற்கு ரயில் தடங்கள் – 7: தம்பானூரில் நாயோடு ரயிலேறுதல்

வளர்ப்பு நாயை ரயிலில் கூட்டிச் செல்ல இந்திய ரயில்வேயில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுதாக எடுத்து, நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்றி அனுப்பலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி, சேர் கார், ஸ்லீப்பர் எதிலும் வளர்ந்த நாய்க்கு அனுமதி கிடையாது. 2023 ஏப்ரல் 25 அன்று திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து காசர்கோட்டுக்குப் புறப்பட்ட வந்தே பாரத் முழுக்க சேர் கார் வண்டி. கேரளத்தை வேகமாகக் கடக்கும் அந்த வண்டி நாய் வளர்ப்பவருக்குப் பயன்படாது.

திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையம் இருக்கும் தம்பானூரிலிருந்து சென்னை போகிறவருக்கு, பிற்பகலில் கிளம்பிக் கோட்டயம், எர்ணாகுளம், பாலக்காடு, சேலம் வழியாக மறுநாள் காலை சென்னை சென்ட்ரலைச் சேரும் சென்னை மெயில் தோதானது. முதல் வகுப்பு ஏசி அதில் உண்டு. கூபேயில் இரண்டு படுக்கை, கேபினில் நான்கு. எது கிடைக்கும் என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரியாது. சார்ட் தயாரானால்தான் தெரியும். இருவராகப் போகிறவர்களுக்குக் கேபின் விழுந்து, முன்பின் தெரியாத இருவர் உடன் வந்தால் நாய் ஏற முடியாது. கூபே வேண்டும் என்று வணிகப் பிரிவில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது வழக்கம். கேட்டவர் எல்லாருக்கும் அது கிடைத்துவிடுவதில்லை. நாய்க்கான விதியில் பயணியை அதிகம் அலைக்கழிப்பது இந்த இடம்தான்.

வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும், பயணத்தை ஒட்டி வாங்கிய கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் கையில் இருக்க வேண்டும். அவற்றோடு வண்டி கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே பார்சல் ஆபீஸுக்குப் போனால், லக்கேஜ் கணக்கில் கட்டணம் போட்டு ரசீது தருவார்கள். ரசீதில்லாத நாய் பிடிபட்டால் கட்டணம் ஆறு மடங்கு.

நாய்க்கூண்டு என்பது கார்டு பெட்டிக்குள் அமைந்த தாழ்வான இரும்பு அறை. கம்பிக் கதவு, வெறும் தகரத் தரை, பக்கத்திலேயே சக்கரங்களின் இரைச்சல். வீட்டுச் சோபாவில் தூங்கிப் பழகிய நாய் அங்கே மிரண்டு, வாய் ஓயாமல் மூச்சிரைக்கும். மார்ச் முதல் மே வரை வெயிலில் அந்தத் தகரம் காய்வதை எண்ணினால், கோடையில் நாயைக் கூண்டில் அனுப்பவே கூடாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. ரயில்வே பொறுப்பேற்பதில்லை, சோறும் தண்ணீரும் உரிமையாளர்தான் பார்க்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளோ, கோடையில் நான்கு மணிக்கொரு முறை தண்ணீர் தரச் சொல்கின்றன. இரண்டு மூன்று நிமிடமே நிற்கும் நிலையங்களில் முதல் வகுப்பிலிருந்து கார்டு பெட்டிக்கு ஓடித் திரும்புவது நடக்கிற காரியமல்ல. நீண்ட நேரம் நிற்கும் நிலையங்களை முன்பே குறித்துக்கொண்டு, கார்டிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

தம்பானூர் பிரதான வாசலுக்கு எதிரே கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையம். அங்கே ஹாரன் சத்தம் ஓய்வதில்லை. மிரளும் நாய்க்குப் பின்பக்கத்துப் பவர் ஹவுஸ் ரோடு வாசல் நல்லது. கிளம்பும் முன் நன்றாக நடக்கவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். சங்கிலி, வாய்ப்பூட்டு, பழைய போர்வை, வீட்டுத் தண்ணீர் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

கூண்டில் வந்த நாயைச் சென்னையில் ரசீதைக் காட்டித்தான் இறக்க முடியும். பார்சல் மூட்டைகள் இறங்கத் தொடங்குமுன் உரிமையாளர் கார்டு பெட்டியருகே வந்துவிட வேண்டும்.