சாதி வசவு கணினிக்குப் புரியுமா?



அம்பேத்கர் பிறந்தநாளன்று கொடைக்கானல் கீழ்மலைக் கிராமம் ஒன்றில் பறையடித்தோம். அந்தக் காணொளியைச் சமூக ஊடகம் ஒன்றில் போட்டதும் சாதிப் பெயர் சொல்லி வசவுகள் குவிந்தன. புகார் செய்தோம். 'விதிமீறல் இல்லை' என்று தானியங்கிப் பதில் வந்தது. அந்த வசவுகளை எடுத்துக்காட்டி நாங்கள் எழுதிய கண்டனப் பதிவுதான் நீக்கப்பட்டது!

இது ஏன் நடக்கிறது? வசவு எழுதுகிறவன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறான். நடுவே ஒரு புள்ளியோ எண்ணோ சேர்க்கிறான். நமக்கு அது அதே சொல். செய்தித்தாள் தமிழில் பழகிய கணினிக்கோ அது முன்பின் பார்த்திராத சொல். இப்படிச் சிதைந்த எழுத்திலும் தடுமாறாத கருவிகளை உருவாக்குவது இன்று ஓர் ஆய்வுத் துறை.

அதில் உழைக்கும் தமிழர்களில் ஒருவர் பாரதி ராஜா சக்ரவர்த்தி. அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். திராவிட மொழிகளின் எழுத்துகள் வேறானாலும் சொற்கள் உறவுள்ளவை. அதைக் கொண்டு கணினி மொழிபெயர்ப்பை மேம்படுத்துவது அவரது ஆய்வு. 2020இல் சக ஆய்வாளர்களோடு, தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கருத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் உணர்வையும் குறித்து வெளியிட்டார். 2024இல் தமிழில் சாதி வெறுப்பையும் புலம்பெயர்ந்தோர் மீதான வெறுப்பையும் கண்டறியும் ஆய்வுப் போட்டியை நடத்திய குழுவிலும் அவர் இருந்தார்.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. எது வெறுப்பு என்று கணினிக்கு முதலில் சொல்லித் தருவது மனிதர்கள். ஒவ்வொரு வரியையும் படித்து 'வெறுப்பு', 'வெறுப்பு அல்ல' என்று குறிக்கிறார்கள். அவர்கள் யார்? அதே சாதிப் பெயர் நம் வாயில் தன்மானம், அவன் வாயில் இழிவு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுவெளியில் அவமதிப்பதைக் குற்றம் என்கிறது. அந்த வசவை ஒருநாளும் வாங்காதவருக்கு அது வெறும் கிண்டலாகத் தெரியலாம். அவர் தவறாகக் குறித்தால் கணினியும் அதையே கற்கும். பிறகு எத்தனை பெரிய கணினி இருந்தும் பயனில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, கணினி படித்தவர்களுக்கு மட்டுமான வேலை அல்ல இது. தமிழ் இலக்கியம், மொழியியல், சட்டம் படிப்பவர்களும் தேவை. மலையிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் தேவை. வசவுகளை அழித்துவிடாதீர்கள். தேதியோடும், எந்தப் பதிவின் கீழ் வந்தது என்பதோடும் படமெடுத்து வையுங்கள். வழக்குக்கும் உதவும், ஆய்வுக்கும் உதவும்.

நம் வலியை அளக்கும் இடத்தில் நாமும் உட்கார வேண்டும்.

ஜெய்பீம்!