கொடிக்கயிறு

கொடியேற்றம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் முதலில் கோயிலுக்கு உரியது. திரௌபதியம்மனுக்குக் கொடியேறிவிட்டால் தீமிதி முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பார் என் பாட்டி. கொடிமரத்துக்கு அருகில் யார் நிற்கலாம், தீபாராதனைத் தட்டு முதலில் யாரிடம் வரும், எந்தத் தெருக்காரர்கள் தேர்வடத்தைத் தொடலாம் என்பதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் இதே சொல்லை எடுத்து ஊராட்சி அலுவலக வாசலிலும் பள்ளி மைதானத்திலும் நட்டது. சொல்லோடு அதன் பழைய கணக்குவழக்குகளும் வந்து சேர்ந்தன. தேசியக் கொடியைத் தமிழ்நாட்டுக் கிராமம் என்னவாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று கேட்டால், முதல் மரியாதையாக என்றுதான் நான் சொல்வேன்.

எனக்கு விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. 2023 ஜூன் 7 அன்று மேல்பாதி தர்மராஜா திரௌபதியம்மன் கோயிலுக்கு வருவாய்த் துறையினர் சீல் வைத்தார்கள். தலித் மக்கள் உள்ளே போகலாமா என்பதுதான் தகராறு. அந்த வாரம் முழுக்கப் பேருந்தில் அதே பேச்சு. கோயில் என்றால் வாரக்கணக்கில் பேசுகிறோம். கொடிக்கம்பத்தில் அதே தகராறு நடந்தால் ஒரு நாள் செய்தி. அதுவும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வந்தால்தான்.

திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவராக இருந்தவர் அமிர்தம். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவர் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, 20ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். அந்த வருடம் அந்த ஊருக்குச் சுதந்திர தினம் ஐந்து நாள் தாமதம். அதே வருடம் அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். எங்கள் மாவட்டத்திலிருந்து 2019இல் பிரிந்துபோன கள்ளக்குறிச்சியில், எடுத்தவாய்நத்தம் ஊராட்சித் தலைவர் சுதா 2022 ஆகஸ்ட் 15 அன்று போலீஸ் பாதுகாப்போடு கொடி ஏற்றினார். மூவருமே தலித் பெண்கள். அந்த ஆண்டு தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் விசாரித்தது. 20 ஊராட்சிகளில் தலித் தலைவர்களால் கொடி ஏற்ற முடியவில்லை, 22 ஊராட்சிகளில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, சாதிப் பாகுபாடு இல்லாமல் தலைவர்கள் கொடியேற்ற வழிசெய்யும்படி எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆகஸ்டில் 13 முதல் 15 வரை வீடுதோறும் மூவர்ணக் கொடி ஏற்றச் சொல்லியிருந்தது ஒன்றிய அரசு. தபால் நிலையத்தில் கொடி 25 ரூபாய். முந்தைய டிசம்பரில்தான் விதியைத் திருத்தி, இயந்திரத்தில் தயாரான பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். நான் பார்த்த காலனிகளில் கூரை வீட்டிலும் கொடி பறந்தது. யாரும் தடுக்கவில்லை. தன் வீட்டுக் கூரையில் யார் என்ன கட்டினால் ஊருக்கு என்ன? ஊரே கூடி நின்று அண்ணாந்து பார்க்கிற கம்பத்தில், அந்தக் கயிறு யார் கையில் என்பதுதான் விஷயம்.

என் இலக்கிய நண்பர்களிடம் இதைப் பேசினால் ஒரு மெல்லிய சிரிப்பு வரும். "ஒரு துணிக்காக இவ்வளவா? தேசியமே ஒரு கற்பிதம், அதில் ஏன் பங்கு கேட்க வேண்டும்?" நானும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான். 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். 1955 ஆகஸ்ட் 1 அன்று இந்தியை எதிர்த்துத் தேசியக் கொடியைக் கொளுத்தப் போவதாக அறிவித்து, காமராஜர் வாக்குக் கொடுத்த பிறகே நிறுத்தினார். 1931இல் காந்தியைச் சந்தித்த அம்பேத்கர், தனக்கென்று ஒரு தாயகம் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இதுவரை நண்பர்களுக்குத் தெரியும். அதே அம்பேத்கர் 1947இல் கொடியை முடிவு செய்ய அமைத்த குழுவில் உறுப்பினராக இருந்தார் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். கொடியை உதறித் தள்ளுவதற்கும் அது ஒரு தடவையாவது நம் கைக்கு வந்திருக்க வேண்டாமா? அமிர்தத்திடம் போய் "தேசியம் ஒரு கற்பிதம் அம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தொலைக்காட்சியில் நடக்கிற சண்டை வேறு மாதிரி. 2018இல் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒரு மடாதிபதி எழுந்து நிற்கவில்லை. எழுந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை என 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் 17ஆம் தேதி தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியும் எல்லோரும் நிற்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில், தேசிய கீதம் தொடக்கத்தில் பாடப்படவில்லை என்று ஆளுநர் பேரவையிலிருந்து வெளியேறினார். ஒரு பக்கம் பாரதத் தாய்க்காக ஆண்கள், இன்னொரு பக்கம் தமிழ்த் தாய்க்காக ஆண்கள். தமிழின் பக்கம்தான் நான் நிற்பேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தாய்மார்களின் உடம்பைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்தில் நிலமே ஒரு பெண். கடல் அவள் உடுத்தது, தக்கணம் நெற்றி, திராவிடம் அதில் இட்ட பொட்டு.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மாணவிகளுக்கு இந்தப் பாட்டைப் பயிற்றுவித்தவர் என் துறைத் தோழி. அருமையான குரல். கணவர் இறந்த பிறகும் அவர்தான் பயிற்சி கொடுத்தார். பாட்டு முடிந்ததும் குத்துவிளக்கு ஏற்றுவார்கள், ஐந்து முகத்துக்கு ஐந்து பேர். அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் அவர் பெயர் சத்தமில்லாமல் போயிற்று. நான் போய்க் கேட்டதற்கு, "சுபகாரியம் பாருங்கம்மா, அவங்களே சங்கடப்படுவாங்க" என்றார்கள். பொட்டுவைத்த தாயைப் பாட அவர் வேண்டும், விளக்குக்கு வேண்டாம். அடுத்த விழாவிலிருந்து நானும் விளக்கேற்றப் போகவில்லை. சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் எங்களுக்கு வேலை மூவர்ணக் கோலம், காவியும் வெள்ளையும் பச்சையுமாகப் புடவை கட்டிய மாணவிகளை வரிசையாக நிறுத்துவது, விருந்தினருக்குச் சந்தனக் கும்பாவை நீட்டுவது. நான் அங்கிருந்த ஒன்பது வருடத்தில் கயிற்றைப் பிடித்த பெண் ஒருவர்கூட இல்லை.

வகுப்பில் ஒக்கூர் மாசாத்தியாரின் மூதின்முல்லைப் பாட்டு வரும். பிறந்த வீட்டு ஆண் போய், கட்டியவன் போய், ஒரே பிள்ளைக்கும் தலையில் எண்ணெய் தடவி வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிற பெண். நாட்டுப்பற்று என்று தலைப்பிட்டு நடத்துவது வழக்கம். அந்தப் பாட்டில் நாடு என்ற பேச்சே இல்லை. ஆநிரையும் குடிப்பெருமையும்தான். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "அந்த அம்மா மறுநாள் யார் சம்பாதிச்சுச் சாப்பிட்டிருப்பாங்க மேடம்?" என்று கேட்டாள். நான் படித்த எந்த உரையிலும் அதற்குப் பதில் இல்லை.

2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி.சாலையில் விஜய் கட்சியின் முதல் மாநாடு. என் பேருந்து தினமும் அந்த வழியாகத்தான் போகும். நூறடி உயரத்துக்குக் கம்பம் நட்டு, வேலு நாச்சியாருக்கும் அஞ்சலை அம்மாளுக்கும் பெரிய கட்-அவுட் வைத்திருந்தார்கள். "இந்தம்மா யாரு, வேட்பாளரா?" என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார். கடலூர்க்காரர், 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றச் சொல்லிப் போராடி மகளோடு ஜெயிலுக்குப் போனவர், பிறகு பிள்ளை பெற வெளியே வந்து கைக்குழந்தையோடு திரும்ப உள்ளே போனவர் என்றேன். "நம்ம பக்கமா!" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார், கட்-அவுட் மறையும்வரை.

நம்ம பக்கத்தில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா. திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊராட்சிக்கு 2021 அக்டோபர் தேர்தலில் தலைவரானவர். அவர் பதவிக்கு வந்த முதல் குடியரசு தினத்தில் போய் நின்றபோது கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. யார் ஏற்றினார்கள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்டில், தலைமைச் செயலாளர் கடிதத்துக்குப் பிறகு, ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம். நான் 14ஆம் தேதி சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் வேப்பமரக் கிளையில் கயிறு போட்டு, மகளின் துப்பட்டாவைச் சாமந்திப் பூவோடு சேர்த்துச் சுருட்டி, மேலே ஏற்றி இழுத்து இழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். மகள் என்.சி.சி.யில் இருந்தவள், சுருக்கு எப்படிப் போடுவது என்று காட்டினாள். ஆறு தடவையில் இரண்டு தடவை அவிழவில்லை.

"ஏத்த விடமாட்டாங்கன்னு பயமா இருக்கா அக்கா?"

"அதெல்லாம் விட்டுடுவாங்க மேடம், மேலேர்ந்து கடுதாசி வந்துடுச்சே. முடிச்சு அவுறலன்னா இன்னா பண்றது, அதான் பயம். ஆம்பள இழுத்து அவுறலன்னா கயிறு சரியில்லம்பாங்க. நான் இழுத்து அவுறலன்னா, இவ கை பட்டா எப்புடிப் பறக்கும்பாங்க."

மறுநாள் அவிழ்ந்தது. பூவும் கொட்டியது. மிட்டாய்த் தட்டை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்த் தெருப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள், பெரியவர்களில் நான்கு பேர் சர்க்கரை வியாதி என்று சொன்னார்களாம். "நாலு பேருக்கும் ஒரே வியாதி" என்று சிரித்தார். கம்பத்தில் இருந்தது நைலான் கயிறு, உள்ளங்கையை அறுத்திருந்தது. நூல் கயிறு மாற்ற வேண்டும் என்று வாங்கி வந்து பில் வைத்தார், 340 ரூபாய். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது கேட்டேன். அந்தப் பில் இன்னும் துணைத் தலைவர் வீட்டில்தான் இருக்கிறதாம்.