துண்டும் தரகும்

கொழும்பிலே நோயுற்ற தமிழர் எவரும் "துண்டு" என்னும் சொல்லை அறியாதிருத்தல் இயலாது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் சிறு மருந்தகம் நடத்தும் வைத்தியர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, "இதைக் கொண்டு வெள்ளவத்தைக்குப் போங்கோ" என்பார். அத்துண்டு நோயாளரைக் காலி வீதியிலுள்ள நிபுணர் ஒருவரிடமோ, இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றுக்கோ கொண்டு சேர்க்கும். எழுதப்படாத மூன்றாவது வரி ஒன்றும் அதில் உண்டு என்பது ஊரவர் நம்பிக்கை. அனுப்பியவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதே அவ்வரி.

சட்டம் பயின்றவன் என்பதால், அயலவர் ஒருவர் தாம் எழுதிய முறைப்பாடொன்றைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தார். வைத்தியர் ஒருவர் அவருடைய தாயாரை மும்முறையும் ஒரே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாராம்; வேறிடத்தில் பெற்ற அறிக்கையை ஏற்க மறுத்தாராம். "கொள்ளைக்காரர்" என்ற சொல் அம்முறைப்பாட்டில் நான்கு இடங்களில் வந்தது. பணம் கைமாறியதற்கான சான்று ஓரிடத்திலேனும் வரவில்லை. அந்த வைத்தியருக்காக வாதிட நேர்ந்தால் நான் என்ன சொல்வேன் என்ற எண்ணமே முதலில் எழுந்தது. குற்றஞ்சாட்டுவோருக்கு இவ்வெண்ணம் கசப்பாயிருக்கலாம். ஆயினும் எதிர்வாதத்தைத் தாங்காத முறைப்பாடு நோயாளருக்கும் பயன்படாது.

இலங்கை மருத்துவ சபையின் முன் செல்லும் குற்றச்சாட்டு எதன் மேல் நிற்கிறது? 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம், தொழில்சார்ந்த எவ்விடயத்திலேனும் இழிவான நடத்தை என்று பொதுப்படக் கூறுகிறது. இச்சொற்றொடர் 1858ஆம் ஆண்டின் பிரித்தானிய மருத்துவச் சட்டத்திலிருந்து வந்தது. நற்பெயரும் தகுதியும் உடைய சகவைத்தியர்கள் எதை இழிவெனக் கருதுவரோ அதுவே இழிவு என 1894இல் அலின்சன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் விளக்கிற்று. (அந்த அலின்சன், முழுக்கோதுமை ரொட்டியின் பெருமையைப் பரப்பியவர். இன்றும் அங்கே மாவும் ரொட்டியும் அவர் பெயரால் விற்கப்படுகின்றன. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிய சகவைத்தியர்களை எவரும் நினைவுகூர்வதில்லை.) அளவுகோல் சகவைத்தியர் கையில் இருப்பதால், "எல்லோரும் இவ்வாறே செய்கிறார்கள்" என்ற வாதம் இயல்பாகவே எழுகிறது. அது கெட்டிக்காரத்தனமான வாதமேயன்றி நல்ல வாதமன்று. நற்பெயருடையோர் எதை ஏற்பர் என்பதே அங்கு வினா. எத்தனை பேர் செய்கின்றனர் என்பதன்று.

அமெரிக்கர் இதனை வேறு வழியில் அணுகினர். நோயாளரை அனுப்புவதற்குத் தரகு கொடுப்பதும் வாங்குவதும், அரச மருத்துவத் திட்டங்களைப் பொறுத்தவரை, 1972இல் குற்றமாக்கப்பட்டன. பிலடெல்பியாவில் இதயநோய் வைத்தியரான கிரெபர், தம்மிடம் நோயாளரை அனுப்பிய வைத்தியர்களுக்கு "அறிக்கையை விளக்கிய கட்டணம்" என்ற பெயரில் பணம் கொடுத்தார். அவர்கள் வேலை செய்தே ஊதியம் பெற்றனர் என்று வாதிக்கப்பட்டது. 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கொடுப்பனவின் நோக்கங்களுள் ஒன்றேனும் நோயாளரைத் தூண்டிப் பெறுவதாயின் போதும் என்றது. எனினும் இங்கே அறிந்தே செய்த குற்றமனம் நிறுவப்படல் வேண்டும். 1989இல் வந்த ஸ்டார்க் சட்டமோ, வைத்தியர் தமக்குப் பொருள் நலமுள்ள பரிசோதனைக் கூடத்துக்கு அரச திட்டத்து நோயாளரை அனுப்புவதையே தடுத்தது. நல்ல எண்ணத்தோடு அனுப்பினேன் என்பது அதன்முன் செல்லாது. சட்டம் வகுத்த விதிவிலக்கொன்றினுள் நிற்க வேண்டும்.

எம் நாட்டில் அத்தகைய கூர்மை இன்னும் வரவில்லை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், 1954இன் இலஞ்சச் சட்டத்தை நீக்கியதோடு, தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கிற்று. தனித்து மருந்தகம் நடத்தும் வைத்தியர் அதனுள் அடங்குவாரா என்பது வாதிக்கத்தக்க வினா. அரச சேவையிலிருப்போருக்கு அவ்வையம் பெரிதும் இல்லை. 2025 ஜூனில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர வைத்தியசாலையின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் கைதானார். சத்திரசிகிச்சை உபகரணங்கள் தனியார் நிறுவனமொன்றின் வழியாக நோயாளருக்கு உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் பேசுமுன்னரே தேநீர்க் கடைகள் தீர்ப்பளித்துவிட்டன.

அனுப்பியதற்காக மட்டுமன்றி, அனுப்பாததற்காகவும் வைத்தியர் நீதிமன்றம் ஏறலாம். பேராசிரியர் பிரியாணி சொய்சா மீதான வழக்கு இதற்குச் சான்று. மூளைத்தண்டுக் கட்டியால் 1992இல் ஒரு சிறுமி இறந்தாள். நோய் வேறென எண்ணப்பட்டு, ஸ்கான் பரிசோதனை காலந்தாழ்ந்தது என்பது தந்தையின் முறைப்பாடு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா விதித்தது. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமாயிற்று. 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் நீக்கிற்று. முன்னரே கண்டிருந்தாலும் குழந்தையைக் காத்திருக்க இயலும் என்பது நிறுவப்படவில்லை. இவ்வழக்கை அறிந்த வைத்தியர், ஐயம் வந்தவுடன் ஸ்கானுக்கு எழுதுவதில் வியப்பென்ன? தற்காப்புக்காக எழுதிய துண்டும் தரகுக்காக எழுதிய துண்டும் நோயாளர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

எம்மவரிடையே இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் மட்டுமே அறிந்த முதியவளைக் கொட்டாஞ்சேனை வைத்தியர் வெள்ளவத்தையிலுள்ள தமிழ் நிபுணரிடமே திரும்பத் திரும்ப அனுப்புகிறார். நெஞ்சு எரிகிறதா, குத்துகிறதா, அடைக்கிறதா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு சொல்லிவிட முடியுமா? புள்ளிக் கணக்கை மட்டும் நோக்கும் விசாரணையாளருக்கு இது கூட்டுச் சதியாகத் தெரியும். இதனை எடுத்துரைக்கச் சட்டத்தரணி வேண்டும். எனினும், நிபுணருக்குப் பொருந்தும் இவ்வாதம் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொருந்தாது. இரத்தத்துக்கு மொழியில்லை. அங்கே ஒரே இடத்தை வற்புறுத்தியவர், அவ்விடத்தின் தரத்தையேனும் காரணமாகக் காட்ட வேண்டும்.

அயலவருக்கு நான் கூறியதும் இதுவே: ஏசலை நீக்குங்கள், வேறிடம் செல்லலாம் என்று சொன்னாரா, மற்ற அறிக்கையை ஏன் மறுத்தார், அக்கூடத்தில் அவருக்குப் பங்கோ பணமோ உண்டா என்று கேளுங்கள். அவருக்கு இது பிடிக்கவில்லை. வைத்தியர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றார்.

வைத்தியரின் நிலையும் எளிதன்று. ஒரு மாலையில் அறுபது பேரைப் பார்க்கும் சிறு மருந்தகத்தில் குறிப்பேடு என்பதே அரிது. துண்டு நோயாளரோடு போய்விடுகிறது. ஈராண்டு கழிந்து சபை விளக்கம் கேட்கும்போது, ஏன் அனுப்பினார் என்பதற்கு அவர் கையில் எதுவுமிராது. கொட்டாஞ்சேனையில் நானறிந்த மூத்த வைத்தியர் ஒருவர் பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பியொன்றில் திகதி, நோய்க்குறி, அனுப்பிய இடம், காரணம் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கிறார். ஒரு கொப்பி முடிய மூன்று மாதம் செல்லுமாம்.