எறும்பு வீட்டு விருந்தாளி

இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் மாவட்டத்தில் ஸ்ட்ரீட் என்றொரு சிற்றூர் உண்டு. காலணித் தொழிலால் பெயர் பெற்ற ஊர். அதன் தெற்கே நீளும் சுண்ணாம்புக்கல் குன்றுகளுள் ஒன்று காலர்ட் குன்று. பக்கத்துக் குன்றில் ஓங்கி நிற்கும் கல்தூண், கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட்டின் நினைவுச் சின்னமாகும். அவர் 1814 டிசம்பரில் உயிர் நீத்தது நமது சென்னையில் என்பதை அறிந்தால், அந்தத் தூரத்துத் தூணும் சற்று நெருங்கி வந்தது போலிருக்கும். ஆயினும் ஜூன் மாதத்தில் காலர்ட் குன்றேறுவோர் எவரும் தூணைப் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்களும் புல்தரையிலேயே பதிந்திருக்கும்.

அவர்கள் தேடுவது ‘பெரிய நீலன்’ என்னும் வண்ணத்துப்பூச்சி. பெயரில்தான் பெருமை, சிறகை முழுதும் விரித்தாலும் இரண்டு அங்குலம் இராது. நீலச் சிறகில் மை தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரையே இதன் பருவம். அதிலும் ஒரு பூச்சிக்குக் கிடைப்பது சில நாள் வாழ்வுதான்.

அந்தச் சில நாளுக்குப் பின்னே உள்ள வரலாறோ நெடியது. தாய்ப்பூச்சி, தைம் என்னும் நறுமணச் செடியின் மொட்டில் முட்டையிடுகிறது. வளைகுடா நாடுகளில் ரொட்டிமேல் தூவி உண்ணும் ஸஃதருக்கு உறவான செடி அது. வெளிவரும் புழு, பூவைத் தின்று இரண்டு மூன்று வாரம் வளர்கிறது. பிறகு ஒரு மாலைப் பொழுதில் தரையில் விழுந்து அசையாமல் காத்திருக்கிறது. அவ்வழியே வரும் சிவப்பெறும்பு ஒன்று அதைத் தொட, புழு தேன்துளி சுரந்து கொடுக்கிறது. எறும்பு குடித்து மகிழ்ந்த பின், புழு உடலை உப்பி உருமாற்றிக் கொள்கிறது. அதன் மணமும் எறும்புக் குஞ்சின் மணத்தை ஒத்தது. வழி தவறிய தம் பிள்ளையென்றே எண்ணி, எறும்பு அதைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் இறங்குகிறது.

எறும்பின் பேச்சை ஹஜ்ரத் சுலைமான் (அலை) அவர்கள் கேட்டுப் புன்னகைத்த வரலாற்றைத் திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் நாமெல்லாரும் ஓதியிருக்கிறோம். எறும்புகளுக்கிடையே செய்தி பெரிதும் மணத்தின் வழியே செல்கிறது என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. அம்மொழியைத்தான் இப்புழு களவாகப் பேசுகிறது! புற்றினுள் சுமார் பத்துத் திங்கள் தங்கி, அடைக்கலம் தந்த வீட்டாரின் குஞ்சுகளையே தின்று கொழுக்கிறது. விருந்தாளி என்று சொல்லவும் நா கூசுகிறது. ஆனால் வல்ல நாயன் அதற்கு விதித்த இரணம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த கோடையில் ஒரு காலைப் பொழுதில் சிறகு நனைந்த பூச்சியாய் வெளியேறிப் புல்லின்மேல் ஏறி உலர்கிறது.

இத்தகைய பூச்சி பிரிட்டனில் ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. பழி முழுவதும் வலைவீசிப் பிடித்துச் சேகரிப்போர்மீது விழுந்தது. ஆகவே அன்பர்கள் அதன் இருப்பிடங்களுக்கு வேலியிட்டனர். வேலி மனிதரைத் தடுத்தது. ஆடு மாடுகளையும் தடுத்தது. புல் தடையின்றி வளர்ந்தது, பூச்சியோ மறைந்தது.

காரணத்தைக் கண்டவர் ஜெரமி தாமஸ் என்னும் ஆய்வாளர். 1970களில் எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தின் அருகிலேயே தங்கி ஆராய்ந்தார். புழுவை நன்கு வளர்ப்பது ஒரேயோர் எறும்பினம். அதற்கோ வெயில் சுட்ட தரை வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே நிலத்தின் சூடு இரண்டு மூன்று பாகை குறைந்து, அந்த எறும்பு நீங்கி வேறினம் குடியேறும். போதாக்குறைக்கு, 1953இல் பிரிட்டனுக்குள் புகுந்த கொள்ளைநோய், புல்லைக் கறித்துக் குட்டையாக வைத்திருந்த முயல்களைப் பெரும்பாலும் மாய்த்துவிட்டது. உண்மை புலப்பட்டது, காலம் கடந்துவிட்டது. 1979இல் பெரிய நீலன் பிரிட்டனில் அற்றுப்போனது.

இவ்விடத்தில் இஸ்லாமிய மரபின் ‘ஹிமா’ நினைவுக்கு வருகிறது. அதுவும் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலமே. எனினும் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதை அடைத்துப் பூட்டிவிடவில்லை; சில ஒட்டகங்களும் ஆடுகளுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறு காவலருக்குப் பணித்தார்கள். அங்கு நோக்கம் ஏழைகள்பால் இரக்கம், பூச்சியன்று. ஆயினும் காவல் என்பது கதவடைப்பன்று என்னும் தெளிவு அதில் இருந்தது.

1983இல் ஸ்வீடன் நாட்டிலிருந்து புழுக்களைக் கொணர்ந்து மீண்டும் குடியேற்றத் தொடங்கினர். 2000இல் காலர்ட் குன்றுக்கும் பூச்சி வந்தது. நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பிலுள்ள அக்குன்றில் இன்று எவரும் நடந்து சென்று அதைக் காணலாம். சேகரிப்போரின் ஆசை மட்டும் அடங்கவில்லை. 2015இல் அங்கே அதைப் பிடித்துக் கொன்ற ஒருவருக்கு 2017இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

கிளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ராட்பரோ காமன் என்னும் பொதுமேய்ச்சல் நிலத்தில் 2019இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட புழுக்களை விட்டனர். அடுத்த கோடையில் ஏறத்தாழ 750 பூச்சிகள் பறந்தன. அவ்விடத்தில் 150 ஆண்டுகளாகக் காணாத காட்சி அது. ஊராரின் மாடுகள் இன்றும் அங்கே மேய்கின்றன.