இரண்டு துப்பறிவாளர்கள்

மர்மத் தொடர்கதை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று நண்பராகிய பத்திரிகாசிரியர் ஒருவர் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, கதைக்கு வேண்டிய சாமான்களையும் அவரே ஜாபிதா போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு போலீஸ் அதிகாரிகள் வேண்டும். ஒருவர் நரைத்த தலையும் நிதானமும் உள்ளவர். மற்றவர் துடிப்பும் முன்கோபமும் உள்ள வாலிபர். லஞ்சம் வாங்கும் பெரிய மனிதர் ஒருவர் வேண்டும். அவர் கண்ணசைத்தால் கத்தியைத் தூக்கிக்கொண்டு புறப்பட அடியாட்கள் ஒரு டஜன் வேண்டும்.

"கதை கொடைக்கானலில் நடக்கட்டும், ஸார். பனிமூட்டம் இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்!" என்றார்.

இந்த மாதிரிக் கதைகளிடம் எனக்கு இளப்பம் கிடையாது. ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் படித்துத்தான் ஒரு தலைமுறையே நாவல் படிக்கப் பழகிற்று. அப்புறம் தேவனின் சாம்பு வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வஸந்தும் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் நமக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தவர்கள். உலகத்தில் எங்கே அநியாயம் நடந்தாலும் அதைக் கண்டுபிடிக்க ஒருவன் இருக்கிறான் என்று தைரியம் சொன்னார்கள். நாம் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினால் போதும். அந்த வசதியைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு சங்கடம்.

ஏனென்றால், கொடைக்கானல் என்றதும் என் மனம் பனிமூட்டத்துக்குப் போகவில்லை. ஒரு ஹோட்டலுக்குப் போயிற்று.

பழனி மலைத் தொடரில் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர் கொடைக்கானல். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே குடியேறினார்கள். 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். இன்று படகு விடுகிறவர்களுக்கு ஏரி தெரியும்; ஏரிக்கு மேலே இருக்கிற சோலைக்காடும் புல்வெளியும் அவ்வளவாகத் தெரியாது. மழையைக் கடற்பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கீழே உள்ள ஊர்களுக்குச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுவது அவைதாம். சரிவில் மண்ணைத் தோண்டி மாடிமேல் மாடி எழுப்பினால் மண் சரியும், ஊற்றுக்கண் அடைபடும். அதனால்தான் மலை ஊர்களில் இத்தனை மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது.

பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு இரண்டு தளம் கட்டத்தான் அனுமதி. எழும்பியது ஏழு தளம். 1994-இல் விதியிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு விலக்குக் கொடுத்து அரசாணை பிறந்தது.

மர்மக் கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு மலையேற வேண்டும். வந்ததோ ஜீப் அல்ல, ரிட் மனு. 1985-இல் ஆரம்பித்த பழனி மலைகள் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பு, மரக்கன்று வளர்ப்பதும் காட்டைக் காப்பதுமாக இருந்த சாதாரண ஜனங்களின் அமைப்பு, ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. விலக்கு செல்லாது என்றும், விதியை மீறிய ஐந்து தளங்களையும் இடிக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. 1995-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. கையில் துப்பாக்கி இல்லை, மாறுவேஷம் இல்லை. விதிப் புத்தகத்தைப் படித்தார்கள், மாடிகளை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

கதை அங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

1996-இல் ஆட்சி மாறிற்று. விலக்கு அளித்ததில் முறைகேடு என்று கிரிமினல் வழக்கு வந்தது. 2000-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி, சென்னைத் தனிக்கோர்ட், முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும் வேறு சிலருக்கும் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில், 2001 டிசம்பரில், ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்த வழக்கில் குற்றவாளி யாரும் இல்லை. அதை மாற்றி எழுத எந்தக் கதாசிரியனுக்கும் உரிமை இல்லை. எழுதவும் நான் விரும்பவில்லை.

ஆனால் தண்டனைச் செய்தி வந்த அந்தப் பிப்ரவரி 2-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தார்கள். தர்மபுரிக்குப் பக்கத்தில் மறியல். கட்சிக்காரர்கள் சிலர் பஸ்ஸுக்குள் பெட்ரோலை ஊற்றி நெருப்பு வைத்தார்கள். கூட வந்த மாணவர்கள் ஜன்னலை உடைத்து முடிந்தவரை தோழிகளை வெளியே இழுத்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே கருகிப் போனார்கள். கொடைக்கானல் ஹோட்டலுக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் அந்தப் பக்கம் படிப்புக்காகப் போனார்கள், அவ்வளவே சம்பந்தம்.

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை உண்டு. மேகம் விலகினால் அங்கிருந்து கீழே சமவெளி தெரியும். நானும் அங்கே நின்றிருக்கிறேன். தர்மபுரி தெரியாது. மேலே ஒரு விதி தளர்ந்தால் கீழே எந்த ஊரில் யார் வீட்டில் இழவு விழும் என்று அங்கிருந்து எவனும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. காகிதத்தில் நடக்கிற காரியத்துக்கு ரத்தம் இல்லை என்று நாம் நினைப்பது அதனால்தான்.

2010-இல் தர்மபுரி வழக்கில் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள், சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் உதவிக்குப் போகவில்லையே என்று வருத்தப்பட்டார்கள். எனக்குச் சாய்வு நாற்காலி நினைவுக்கு வந்தது. கண்டுபிடிக்கவும் காப்பாற்றவும் வேறு எவனோ வருவான் என்று படித்துப் படித்துப் பழகின நாம், தெருவில் நின்றாலும் அப்படியேதான் நிற்போமோ?

எல்லோரும் அப்படி நிற்கவில்லை என்பதுதான் ஆறுதல். வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில் நடந்தது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்றார்கள். வழக்குச் செத்துவிடும் போல் இருந்தது. அப்போது இறந்துபோன பெண்களில் ஒருத்தியின் தகப்பனார் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2003-இல் வழக்கைச் சேலத்துக்கு மாற்றி, புதிதாக விசாரிக்க உத்தரவாயிற்று. 2007-இல் சேலம் கோர்ட் மூன்று பேருக்குத் தூக்கும், மற்றும் பலருக்குச் சிறையும் விதித்தது. 2016-இல் சுப்ரீம் கோர்ட், கும்பல் வெறியில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டது அல்ல என்று தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அந்த மூவரையும் அரசு முன்கூட்டியே விடுதலை செய்துவிட்டது. முடிவு திருப்தியா இல்லையா என்று அவரவர் மனசைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பார்த்தவர்களே பார்க்கவில்லை என்று சொன்ன ஒரு கொலை, நடந்தது நடந்ததுதான் என்று நாட்டின் ஏட்டில் ஏறிற்று. ஏற்றியவர் பெண்ணைப் பறிகொடுத்த ஒரு தகப்பனார்.

பத்திரிகாசிரியர் கேட்ட ஜோடி எனக்குக் கிடைத்துவிட்டது. மலை மேலே ஒரு மன்றம். கீழே ஒரு தகப்பனார். ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்: வக்கீலைத் தேடினார்கள், வாய்தாவுக்கு வாய்தா காத்திருந்தார்கள், ஓயவில்லை. இதைத் தொடர்கதையாக எழுதினால் வாரக் கடைசியில் திகில் முடிச்சுப் போட முடியாது. "அடுத்த விசாரணை மூன்று மாதம் கழித்து" என்று போட்டால் எந்த வாசகர் காத்திருப்பார்?

இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் தெருவிலும் என்றைக்காவது ஒருவர் மனுவைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக் கேட்டு வருவார். குளத்தை மூடிவிட்டார்கள் என்பார். அனுமதியில்லாமல் மாடி எழும்புகிறது என்பார். குரல் கரகரக்கும், ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருக்கும், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கதவைச் சாத்திவிடாதீர்கள். உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் காபி கொடுத்து, மனுவை முழுக்கப் படித்துப் பாருங்கள். மாடிகளை நீங்களும் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் சொல்வது சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.